முகூர்த்த மாதமும் வீட்டு மாதமும்: குத்தாலத்துத் தம்பிக்கு ஒரு பதில்

கேட்டவர் குத்தாலம் பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த நாயனக்காரர், அதாவது நாதஸ்வரம் வாசிப்பவர். வயது 29. இசைப்பள்ளியில் படித்துவிட்டு, ஒரு நல்ல மேள செட்டில் இரண்டாம் நாயனமாக இருக்கிறார். தை தொடங்கி ஆனி வரை தேதி நிரம்பிவிட்டது. நடுவில் தைப்பூசத்துக்கு மலேசியா, ஆவணியில் வரிசையாகக் கும்பாபிஷேகங்கள், அடுத்த ஜூலையில் கனடாவுக்கு ஒரு அழைப்பு. வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை, சர்க்கரை உள்ள அம்மா, மூன்று மா நிலம். மனைவி, "நீங்க இந்த வீட்டுக்கு விருந்தாளி" என்று சொல்லிவிட்டாராம். வருஷம் முழுக்க ஊர் ஊராகப் போய்க்கொண்டு வீட்டையும் எப்படிப் பார்த்துக்கொள்வது, இல்லை எல்லாவற்றையும் விட்டுவிட்டு இசைப்பள்ளி வேலைக்குப் போய்விடலாமா என்று கேட்கிறார்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது நேரத்தைப் பங்கு போடுகிற கேள்வி. ஆனால் எந்தத் தேதியை வேண்டாம் என்று சொல்லலாம், சொன்னால் அடுத்த தடவை கூப்பிடுவார்களா என்ற பயம்தான் உள்ளே இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன். நான் தவில்காரன், நீடாமங்கலம் பக்கம். முப்பது வருஷத்துக்கும் மேலாகக் கல்யாணம், கோயில், வெளிநாடு என்று போய்வந்தவன். இப்போது தேதிகளைக் குறைத்துக்கொண்டு பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். முகூர்த்தக் கணக்கு, பணம், செட்டுக்குள் பேசுகிற விதம், இவற்றைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியும். குழந்தை, புருஷன் பெண்டாட்டி விஷயத்தில் நான் சொல்வது அபிப்பிராயம்தான். என்னோடு வாசித்தவர்களின் வீடுகளைப் பார்த்து வந்த அபிப்பிராயம். அம்மாவின் உடம்புக்கு டாக்டர் சொல்வதுதான் கணக்கு.

ஆபீஸ் வேலையில் டூர் போகிறவர்களுக்கு எழுதப்படும் யோசனைகள் நமக்கு ஒத்துவராது தம்பி. அவர்கள் பயணத்தை இந்த வாரம், அடுத்த வாரம் என்று நகர்த்தலாம். நமக்கு வருஷத்தைப் போட்டுத் தருவது பஞ்சாங்கம். தஞ்சாவூரில் முகூர்த்தம் என்றால் தாம்பரத்திலும் அன்றைக்குத்தான் முகூர்த்தம். ஒரே நாளுக்குப் பத்துப் பேர் கூப்பிடுவார்கள், மறுநாளுக்கு ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள். வாரத்துக்கு இத்தனை நாள் வீடு, இத்தனை நாள் வெளி என்று திட்டம் போட்டால் அது முதல் வைகாசியிலேயே கவிழ்ந்துவிடும். மாதக் கணக்குப் போடுங்கள். தை, மாசி, சித்திரை, வைகாசி, ஆனி, ஆவணி, ஐப்பசி, கார்த்திகை எல்லாம் கல்யாண மாதங்கள். பங்குனி பாதிக்குப் பாதி, உத்திரத்தை ஒட்டிக் கோயில் வேலை சேர்ந்துவிடும். ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றிலும் பெரும்பாலான வீடுகளில் கல்யாணம் கிடையாது. ஆடியில் அம்மன் கோயில், புரட்டாசியில் நவராத்திரி, மார்கழியில் திருப்பள்ளியெழுச்சி என்று ஏதாவது இருக்கும். ஆனால் அவை பெரும்பாலும் சைக்கிள் தூரம், பஸ் தூரம். வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடலாம். பன்னிரண்டில் மூன்று மாதம் குறைவாகத்தான் தெரியும். துபாய்க்குப் போயிருக்கும் நம்மூர்ப் பையன்களைக் கேட்டுப் பாருங்கள், வருஷத்துக்கு ஒரு மாதம் கிடைத்தால் பெரிசு என்பார்கள்.

நான் பார்த்தவரையில், மேளக்காரர் வீட்டைக் கெடுப்பது அவர் ஊரில் இல்லாத நாட்கள் இல்லை. வைகாசியில் அப்பா இருக்க மாட்டார் என்பதற்கு வீடு பழகிக்கொள்ளும். கெடுப்பது, இருப்பாரா மாட்டாரா என்று தெரியாத நாட்கள். புதன்கிழமை சும்மாதான் இருக்கிறேன், குழந்தையைத் தடுப்பூசிக்குக் கூட்டிப்போகலாம் என்று பேசி வைத்திருப்பீர்கள். செவ்வாய் ராத்திரி ஒன்பது மணிக்கு ஏஜெண்ட் போன் பண்ணுவார்: "பட்டுக்கோட்டையில நாயனம் வர முடியலையாம், நீங்க வந்துடுங்க, டபுளா போட்டுத் தரேன்." சீவாளி (நாயனத்தில் செருகி ஊதும் நாணல்) டப்பாவைத் தேடி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். பணம் வரும், சரி. ஆனால் அதற்கப்புறம் நீங்கள் சொல்லும் எந்தப் புதன்கிழமையையும் வீட்டில் நம்ப மாட்டார்கள். இது நாலு தடவை நடந்தால் போதும், உங்களைச் சேர்க்காமலேயே வீடு தன் காரியங்களைத் திட்டம் போடத் தொடங்கிவிடும். விருந்தாளி என்று உங்கள் வீட்டில் சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன். நீங்கள் எத்தனை நாள் இருந்தீர்கள் என்பது அதில் வரவில்லை.

ஆகவே குறைக்க வேண்டியது தேதிகளின் எண்ணிக்கையை மட்டும் இல்லை. எந்த வகைத் தேதியைக் குறைப்பது என்பதுதான் விஷயம். உள்ளூர்க் கோயில் முறை, சுற்று வட்டாரத் திருவிழாப் புறப்பாடு இவற்றை விடாதீர்கள். பணம் கம்மி, ஆனால் தேதி வருஷத்துக்கு முன்பே தெரியும், வீட்டுக்கும் கிட்ட. தாத்தா காலத்திலிருந்து கூப்பிடுகிற குடும்பங்களையும் விடக் கூடாது. அவர்கள் நிச்சயதார்த்தம் முடிந்ததுமே அச்சாரம் கொடுத்துவிடுவார்கள், நேரத்துக்கு விடுவார்கள், அடுத்த பெண்ணுக்கும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். மூன்றாவது வகை, மண்டபம், சாப்பாடு, மேளம் எல்லாம் சேர்த்துப் பேசுகிற பேக்கேஜ் காண்டிராக்ட், அப்புறம் முதல் நாள் ராத்திரி வருகிற போன். இதை மொத்தமாக வெட்டுங்கள். ஒரு வாரத்துக்குள் இருக்கிற தேதிக்கு வருவதில்லை என்று ஒரு முறை சொல்லிவிட்டால், இரண்டு சீசனில் ஏஜெண்டுகளுக்கே அது பழகிவிடும். ஒரே விதிவிலக்கு, சக கலைஞருக்கு உடம்பு முடியாமல் போய் அவர் சார்பில் வருகிற அழைப்பு. அதற்குப் போகத்தான் வேண்டும். நாளைக்கு நமக்கும் ஆள் வேண்டும்.

வேண்டாம் என்று சொன்னால் மார்க்கெட் போய்விடுமா? சொல்கிற விதத்தில் இருக்கிறது. "அன்னைக்கு முடியாதுங்க" என்று போனை வைத்துவிட்டால் பார்ட்டி போய்விடும். "அன்னைக்கு எனக்கு முடியாது, ஆனா இன்னார் நல்லா வாசிப்பார், நானே பேசி ஏற்பாடு பண்ணித் தரேன்" என்று சொன்னால் அந்த வீட்டுக்காரர்கள் உங்களை மறக்க மாட்டார்கள், நீங்கள் அனுப்பிய ஆளும் மறக்க மாட்டார். ஆனால் நீங்கள் இரண்டாம் நாயனம். தேதி கொடுக்கிற கை உங்களுடையது இல்லை, செட் தலைவருடையது. அவரிடம் தனித்தனியாக ஒவ்வொரு தேதிக்கும் கெஞ்சினால் முகம் சுளிப்பார். பஞ்சாங்கம் வந்ததும், மார்கழியிலேயே, அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, அடுத்த வருஷம் எனக்கு இந்த இந்தத் தேதி வேண்டும் அண்ணே என்று ஒரு சின்னப் பட்டியலைக் கொடுங்கள். குழந்தைக்குக் காது குத்து, அம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, அறுவடை. முன்கூட்டிச் சொன்னால் தலைவர்கள் ஒத்துக்கொள்வார்கள். அந்த நாளுக்கு வேறு ஜோடியை ஏற்பாடு செய்ய அவருக்கும் அவகாசம் இருக்கும். கடைசி நேரத்தில் சொன்னால் எந்தத் தலைவருக்கும் கோபம் வரும், நியாயம்தான்.

நாட்களை எண்ணும்போது பலர் ஒரு இடத்தில் தவறுகிறார்கள். ஒரு கல்யாணம் என்றால் ஒரு நாள் என்று எழுதுகிறார்கள். முதல் நாள் சாயந்திரம் மண்டபத்தில் இருக்க வேண்டும். மாப்பிள்ளை அழைப்பு, ரிசப்ஷன் முடிந்து இலையில் உட்காரும்போது பத்தரை ஆகிவிடும். மேடைக்குப் பின்னால் ஜமக்காளத்தை விரித்துப் படுத்தால் சமையல் கட்டில் பாத்திரம் உருளும். மூன்றரைக்கு எழுந்து குளித்து, ஆறு மணி முகூர்த்தத்துக்குக் கெட்டி மேளம் கொட்டி, நலங்கு, ஊஞ்சல் பாக்கி இருந்தால் அதுவும் முடித்து, சாப்பிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு கிளம்ப மத்தியானம். வீட்டுக்கு வந்து சேரும் ஆள் உட்கார்ந்த இடத்தில் தூங்குவான். அந்தச் சாயந்திரத்தை வீட்டுக் கணக்கில் எழுதாதீர்கள். வீட்டிலும் அப்படியே சொல்லி வையுங்கள்: வருகிற நாள் தூங்குகிற நாள், மறுநாள் காலையிலிருந்துதான் நான் உங்களுக்கு. நாள் முழுக்கக் காத்திருந்தவர்கள் முன்னால் போய்க் குறட்டை விடுவதால் வருகிற சண்டை பாதி இதனாலேயே குறையும்.

இதோடு சேர்ந்த ஒன்று. வாசிப்பு முடிந்ததும் எப்படியாவது வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று இரவோடு இரவாக வேன் எடுக்காதீர்கள். டிரைவரும் உங்களைப் போலவே மண்டபத்தில் தூங்காமல் கிடந்தவர்தான். விடிகாலை ரோட்டில் என்ன ஆகும் என்று நம் தொழிலில் எல்லோருக்கும் தெரியும், விரித்துச் சொல்ல வேண்டாம். சென்னைப் பக்கத்துக் கல்யாணம் என்றால் ரயில்தான் நல்லது; எழும்பூரில் ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸ் ஏறிப் படுத்தால் விடிவதற்குள் மயிலாடுதுறை. ஒரு சிக்கல், முன்பதிவு முன்பெல்லாம் 120 நாளுக்கு முன்பே திறந்தது, 2024 நவம்பர் 1 முதல் 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். அச்சாரம் வாங்கிய அன்றே டிக்கெட் போட முடியாது. காலண்டரில் அந்த 60ஆம் நாளைக் குறித்து வைத்து, திரும்பி வருகிற டிக்கெட்டை முதலில் போடுங்கள். போவதற்கு எப்படியும் ஒரு வழி கிடைத்துவிடும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கச்சேரி முடிந்ததும் ரூமில் பாட்டில் திறக்கிற செட்டாக இருந்தால் மேலே எழுதியது எதுவும் உதவாது. உங்கள் செட் எப்படி என்று எனக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

பணத்துக்கு வருகிறேன். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. வைகாசியில் கட்டுக்கட்டாக வரும், புரட்டாசியில் பால்காரருக்குக் கொடுக்க இருக்காது. ஆடியில் நகை அடகுக்குப் போவதும் ஆவணியில் திரும்புவதும் நம் வீடுகளில் வழக்கமாகவே ஆகிவிட்டது. வட்டி ஒரு பக்கம் இருக்கட்டும். வீட்டு மாதம் என்று நாம் வைத்திருக்கிற அதே மாதத்தில்தான் கையில் காசில்லை. அந்த எரிச்சலோடு வீட்டில் இருந்து என்ன பயன்? இன்னொரு வங்கிக் கணக்கைத் திறந்து, வருகிற சம்பளம் முழுவதையும் அதில் போட்டு, மாதா மாதம் ஒரே தொகையை வீட்டுக் கணக்குக்கு மாற்றுங்கள். எவ்வளவு என்பதைச் சென்ற வருஷத்து மொத்த வருமானத்தை வைத்து முடிவு செய்யுங்கள், இந்த வருஷத்து வைகாசியை வைத்து இல்லை. செப்டம்பரில் வீட்டுச் செலவுக்காக ராத்திரி ஒன்பது மணி போனுக்கு ஓட வேண்டியிருக்காது.

நிலம். மூன்று மா என்றால் ஒரு ஏக்கர், பெரிய நிலம் இல்லை. ஆனால் வீட்டில் நீங்கள் இல்லாத பாரத்தை அதிகம் ஏற்றுவது அதுதான், உங்கள் கேள்வியில் அதை ஒரு வார்த்தையில் தாண்டிவிட்டீர்கள். மேட்டூர் அணை ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவது வழக்கமான கணக்கு. அதை நம் முகூர்த்தக் கணக்குக்கு மேல் வைத்துப் பாருங்கள். குறுவை என்கிற குறுகிய கால நெல் போட்டால் நாற்றுவிடும் வேலை ஆனியில், உங்களுக்கு மூச்சு விட நேரமில்லாத மாதம். சம்பா என்கிற நீண்ட கால நெல்லுக்கு நடவு புரட்டாசியை ஒட்டி விழும், அது நமக்கு ஓய்வு மாதம், கூட நிற்கலாம். ஆனால் ஐப்பசி அடைமழையில் வடிகால் பார்க்க ஆள் வேண்டும், அறுப்பு தைக் கடைசியிலும் மாசியிலும் வந்து உட்காரும். அந்த நேரத்தில் நீங்கள் மலேசியாவில் இருப்பீர்கள்.

அறுப்பு என்றால் மிஷின் வந்து ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டுப் போவதோடு தீர்வதில்லை. வயல் காய்ந்திருந்தால் டயர் மிஷின், ஈரமாக இருந்தால் பெல்ட் மிஷின், வாடகை வேறு வேறு. மிஷின்காரர் எப்போது வருவார் என்பது அவருக்கே தெரியாது. நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போனால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மழை வருஷங்களில் அரசு அதைத் தளர்த்தும், ஆனால் தளர்த்துகிற உத்தரவு வரும் வரை நெல் குவியலாகக் கிடக்கும். காய வைக்க வேண்டும், மேகம் திரண்டால் தார்ப்பாய் போட வேண்டும், ராத்திரி யாராவது படுத்துக்கொள்ள வேண்டும். கைக்குழந்தையோடு உங்கள் வீட்டுக்காரம்மா அங்கே நிற்கும்போது நீங்கள் மலேசியாவில் பத்துமலை முருகன் கோயிலில் வாசித்துக்கொண்டிருக்கிற வீடியோ வாட்ஸாப்பில் வந்தால் அவருக்கு எப்படி இருக்கும்? என் யோசனை: குறுவையை விடுங்கள், சம்பா மட்டும் போடுங்கள். வடிகாலுக்கும் அறுப்புக்கும் கூலி கொடுத்து ஒரு ஆளைப் பேசிவிடுங்கள், சொந்தக்காரராக இருந்தாலும் கூலி கொடுத்தே. அதுவும் சரிப்படாவிட்டால் பக்கத்து வயல்காரரிடம் குத்தகைக்கு விட்டுவிட்டு, ஊரில் இருக்க முடிகிற காலத்தில் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா நிலத்தை விடுவதா என்று உறுத்தும். உறுத்தட்டும். ஒரு ஏக்கரில் கிடைக்கிற லாபத்தையும் உங்கள் நாலு முகூர்த்தத்தையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பாருங்கள்.

நீங்கள் இல்லாதபோது வீட்டை நடத்துகிறவருக்கு அதற்கான அதிகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். கேஸ் புக்கிங், வங்கி, மருத்துவக் காப்பீடு, கொள்முதல் நிலையப் பதிவு, எல்லாவற்றிலும் உங்கள் செல் நம்பர்தானே இருக்கிறது? தாலி கட்டுகிற நேரத்தில் உங்கள் பாக்கெட்டில் ஓடிபி வந்து விழும். அங்கே கவுண்டரில் அவர் நிற்பார், நீங்கள் வாயில் நாயனத்தோடு நிற்பீர்கள். பத்து நிமிஷத்தில் அந்த ஓடிபி செத்துவிடும், அவர் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். எது எதையெல்லாம் மாற்ற முடியுமோ அதையெல்லாம் அவர் நம்பருக்கு மாற்றுங்கள், வங்கிக் கணக்கைக் கூட்டுக் கணக்காக்குங்கள். இதை ஆடியில் ஒரு வாரம் உட்கார்ந்தால் முடித்துவிடலாம். அதைவிடக் கஷ்டமானது ஒன்று உண்டு: நீங்கள் இல்லாதபோது எடுத்த முடிவை வந்து மாற்றாதீர்கள். மோட்டார் ரிப்பேருக்கு வேறு ஆளைக் கூப்பிட்டிருப்பார், குழந்தையை வேறு டாக்டரிடம் காட்டியிருப்பார். "ஏன் அவனைக் கூப்பிட்டே, நம்ம ஆள் இருக்கானே" என்று வந்ததும் வராததுமாகக் கேட்கிற பழக்கம் நம் ஆட்களிடம் நிறைய. முடிவு தப்பாகவே இருந்தாலும் அந்தத் தடவை விட்டுவிடுங்கள்.

அம்மாவுக்கு மாதா மாதம் மாத்திரை வாங்குகிற அலைச்சல் தேவையில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். பதிவு செய்யாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மூன்று மாதச் சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனை, கண், கால் பரிசோதனை, இவற்றில் உங்களால் கூடப் போக முடிவதை ஆடியிலும் மார்கழியிலும் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் வருவதற்கு யார் கூடப் போவது என்று இப்போதே பேசிவிடுங்கள். அது தானாகவே மருமகள் தலையில் விழும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி அபிப்பிராயம். போன் பேசும்போது முதலில் அம்மா, அவர் இருபது நிமிஷம், கடைசியில் "குழந்தை தூங்குதா, சரி வைக்கிறேன்" என்று மனைவிக்கு இரண்டு நிமிஷம். இதைப் பல வீட்டில் பார்த்திருக்கிறேன். அம்மாவுக்குத் தனியாக ஒரு நேரம், மனைவிக்குத் தனியாக ஒரு நேரம், தனித்தனி போனில் பேசுங்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்க்காதீர்கள். குழந்தைக்கு ஒன்றரை வயதில் வீடியோ கால் என்ன புரியும் என்று சிலர் சிரிப்பார்கள். தினம் ஒரே நேரத்தில் வந்தால் அதற்குப் பழகிவிடும் என்பது நான் பார்த்தது. நேரம் தப்பித் தப்பி வந்தால் போனைத் தட்டிவிட்டு ஓடிவிடும். இது எல்லாக் குழந்தைக்கும் பொருந்துமா என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

கிட்டத்து வாசிப்புகளுக்குக் குடும்பத்தைக் கூட்டிப்போகலாம். திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை, சிக்கலில் கந்த சஷ்டி, உங்களுக்கு மயிலாடுதுறையில் ஐப்பசிக் கடைசி நாள் நடக்கும் கடைமுகத் தீர்த்தவாரி கூப்பிடு தூரம். நாம் என்ன வேலை செய்கிறோம் என்று வீட்டிலிருப்பவர்கள் பார்ப்பதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது. பார்க்காதவர்களுக்கு நாம் எங்கேயோ போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிற மாதிரிதான் தோன்றும். ஆனால் குழந்தையைத் தவிலுக்குப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம்தான் பெரியவர்களுக்கே பாதுகாப்பு, மூன்று டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாகும் என்பது அமெரிக்காவின் தொழில் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் கணக்கு. நம் மேளம் அதை எளிதாகத் தாண்டும். இரண்டு நாள் வாசித்துவிட்டு வருகிறவன் வீட்டில் சத்தம் போட்டுப் பேசுவதற்கும், டிவியைக் கூட்டி வைப்பதற்கும், குழந்தை கூப்பிட்டது காதில் விழாமல் போவதற்கும் இதில் பங்குண்டு. காதில் ரீங்காரம் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

வெளிநாட்டு அழைப்புகள்தான் இந்த மாதக் கணக்கைக் கலைப்பவை. கனடாவில் கோயில் திருவிழாக்கள் கோடையில், அதாவது நமக்கு ஆடி, ஆவணி. யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழா 25 நாள், அதுவும் அதே சமயம்தான். நீங்கள் வீட்டுக்கென்று வைத்திருக்கிற ஆடியைத்தான் அவர்கள் கேட்பார்கள், நல்ல சம்பளமும் தருவார்கள். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கியதிலிருந்து இலங்கை கிட்டே வந்துவிட்ட மாதிரி இருக்கிறது. ஆனால் வடகிழக்குப் பருவமழையில் அது நின்றுவிடும், ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் திரும்பி வருவதை அதை நம்பி வைக்காதீர்கள். மலேசியாவும் கனடாவும் ஒரே வருஷத்தில் வேண்டாம் என்பது என் எண்ணம். மலேசியா குறுகிய பயணம், இரண்டரை மணி நேர வித்தியாசம், போனில் பேசிக்கொள்ள முடியும். ஏற்கெனவே ஒப்புக்கொண்டதும் அது. டொரோண்டோ கோடையில் ஒன்பதரை மணி நேரம் பின்னால். அங்கே புறப்பாடு முடியும்போது இங்கே காலைச் சமையல் நடக்கும், பேச்சு அரைகுறையாகத்தான் இருக்கும். கனடாவுக்குப் போயே ஆக வேண்டும் என்றால் புரட்டாசியை முழுசாக வீட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். நவராத்திரிக்கு உள்ளூரைத் தாண்டி ஒரு தேதியும் எடுக்காதீர்கள். வீட்டில் கலந்து பேசாமல் பாஸ்போர்ட் நகலை அனுப்பிவிட்டு அப்புறம் சொல்வது மட்டும் வேண்டாம்.

இசைப்பள்ளி வேலை பற்றிக் கேட்டீர்கள். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளிலும் திருவையாறு அரசு இசைக் கல்லூரியிலும் நாயனத்துக்கும் தவிலுக்கும் ஆசிரியர் பணி உண்டு, அறநிலையத்துறைக் கோயில்களிலும் மேளப் பணியிடங்கள் உண்டு. மாதச் சம்பளம், வீட்டிலிருந்தே போய்வரலாம், உண்மைதான். ஆனால் முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராது. வேலை நாளில் லீவு போட்டுப் போவதற்கு ஒரு அளவு இருக்கிறது, அளவு மீறினால் அங்கேயும் கெட்ட பெயர், செட்டிலும் கெட்ட பெயர். உங்கள் வயதில், இப்போதுதான் பெயர் ஏறுகிற நேரத்தில், நானாக இருந்தால் அதற்குப் போக மாட்டேன். இது என் சுபாவத்திலிருந்து சொல்வது, அம்மாவின் உடம்பு எந்த அளவில் இருக்கிறது என்பதை வைத்து நீங்கள் வேறு முடிவுக்கு வரலாம். விளம்பரம் வந்தால் விண்ணப்பத்தைப் போட்டு வையுங்கள், கூப்பிடுகிற அன்றைக்கு யோசித்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால் இந்த மார்கழியில் தலைவரிடம் அந்தப் பட்டியலைக் கொடுத்துவிடுங்கள். அதில் மாசி அறுப்புக்கு மூன்று நாள் சேர்த்து எழுதுங்கள், மிஷின்காரர் சொன்ன நாளில் வர மாட்டார்.